பழைய காருக்கு வீட்டில் லிஃப்ட்: எத்தனை டன் என்று கேட்பதற்கு முன்

அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வில்லிஸ் ஜீப் என்று ஏதாவது ஒரு பழைய வண்டியை வீட்டு ஷெட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் லிஃப்ட் ஆசை வரும். ஜாக்கி போட்டு, சாக்கு விரித்து, முதுகைத் தரையில் தேய்த்தபடி சைலன்சர் போல்ட்டைத் தேடியவர்களுக்கு அந்த ஆசையின் நியாயம் புரியும். அப்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை டன் லிஃப்ட் வாங்கலாம்?’

அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். அம்பாசடரின் எடை சுமார் 1.1 முதல் 1.2 டன். பத்மினி 900 கிலோவை ஒட்டி நிற்கும். வீட்டுக்கென்று விற்கும் நிரந்தர லிஃப்டுகளில் சிறியவைகூடப் பொதுவாக இரண்டரை, மூன்று டன் தூக்கும்; பட்டறைகளில் பார்க்கும் இரட்டைத் தூண் லிஃப்டுகள் பெரும்பாலும் நான்கு டன். ஆக, நம் வண்டியின் எடை எந்த லிஃப்டுக்கும் பாரமாக இருக்கப்போவதில்லை. லிஃப்ட் வண்டியை எந்த இடத்தில் பிடிக்கிறது, பிடிக்கும் அந்த இடத்தில் வண்டிக்குத் தெம்பு இருக்கிறதா என்பதுதான் பழைய கார்க்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது. தரையும் கூரையும் அதற்கு அடுத்தவை.

சக்கரத்தில் பிடிப்பதும் உடம்பில் பிடிப்பதும்

சந்தையில் எத்தனையோ வகை இருந்தாலும் அடிப்படை இரண்டுதான். ஒன்று, சக்கரங்களின் மேல் வண்டி நிற்க, வண்டியை அப்படியே தூக்குவது. நான்கு தூண் லிஃப்ட் இந்த வகை. இரண்டு நீளப் பாதைகள் இருக்கும். வண்டியை அவற்றின் மேல் ஓட்டி நிறுத்தினால் பாதையோடு சேர்ந்து வண்டி மேலே போகும். இன்னொன்று, வண்டியின் அடிப்பகுதியில் நான்கு இடங்களில் முட்டுக் கொடுத்துத் தூக்குவது. இரட்டைத் தூண் லிஃப்டின் கைகள் அப்படித்தான் செய்கின்றன. வண்டி மேலே போனதும் சக்கரங்கள் தொங்கும்.

புது வண்டிக்கு இந்த இரண்டில் எது என்பது வசதியைப் பொறுத்தது. பழைய வண்டிக்கு அப்படி விட்டுவிட முடியாது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனியாகச் சேசிஸ், அதாவது உடம்பைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று வெல்டிங் செய்து, உடம்பையே எலும்புக்கூடாகவும் ஆக்கியிருப்பார்கள். கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை பெட்டி மாதிரி ஒரு தகடு ஓடுகிறதே, அதைச் சில் என்பார்கள். வண்டியின் பலத்தில் பெரும்பங்கு அந்தச் சில்லில் இருக்கிறது. துரு பிடிப்பதும் அங்கேதான். தண்ணீரும் சேறும் உள்ளே போய்த் தங்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு அப்பளமாகிவிடும். டிங்கரிங் வேலை பார்த்தவர்கள் பட்டி பூசி மறைத்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது. அந்த இடத்தில் லிஃப்டின் கை முட்டுக் கொடுத்தால் தகடு உள்வாங்கும். கதவு மூடாமல் போகும். மோசமான நிலையில் வண்டி கையிலிருந்து நழுவலாம்.

அதனால் உடம்பில் பிடிக்கும் லிஃப்டை நினைப்பதற்கு முன் ஒரு சுத்தியலின் மரப்பிடியாலோ ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியாலோ சில் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். துருவும் பட்டியும் இருக்கும் இடம் மொத்தென்று இருக்கும். சந்தேகமான இடத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் ஒட்டாது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் உடம்போடு சேரும் இடங்களையும், முன்பக்கம் இன்ஜினைத் தாங்கும் நீளச் சட்டங்களையும் இதே மாதிரி பாருங்கள். பல வண்டிகளில் சில்லைவிட இவைதான் தூக்குவதற்குத் தகுதியான இடங்கள்.

ஹெரால்டும் ஜீப்பும் வேறு கதை. இரண்டிலும் தனிச் சேசிஸ் மேல் உடம்பைப் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். கையைச் சேசிஸில்தான் கொடுக்க வேண்டும், உடம்பின் தகட்டில் கொடுக்கவே கூடாது. ஜீப்பின் சேசிஸ் ஏணி மாதிரி நேராக ஓடுவதால் இடம் தேடச் சிரமம் இல்லை. ஹெரால்டில் நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கிளைச் சட்டங்கள் துருவில் போயிருக்கலாம். கையை முக்கியச் சட்டத்துக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நல்லது.

இந்த அக்கறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியை அதற்கென்று உள்ள ‘வி.ஏ.’ வரிசையில் பதிவு செய்யலாம். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், உடம்பு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தூக்கும்போது நசுங்கிய சில்லைச் சரிசெய்ய வெட்டி, ஒட்டி, வேறு தகடு வைத்து என்று போவது அந்தத் தகுதிக்கும் நல்லதில்லை, வண்டிக்கும் நல்லதில்லை.

சரி, சக்கரத்தில் பிடிக்கும் லிஃப்டே எல்லோருக்கும் நல்லதா? பெரும்பாலான பழைய கார்க்காரர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். வண்டி சாலையில் நிற்பது போலவே நிற்கிறது. துருப்பிடித்த தகட்டில் எதுவும் அழுத்தாது. ஆயில் மாற்ற, கியர் பாக்ஸ் பார்க்க, கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு ஓட்டம் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்டுக்கு கிரீஸ் அடிக்க, சைலன்சர் மாற்ற எல்லாம் இடைவெளி இருக்கும். அடியில் இன்னொரு வண்டியை நிறுத்தும் வசதியும் கிடைக்கிறது. அப்படி நிறுத்தினால் மேலே இருக்கும் வண்டிக்குக் கீழே எண்ணெய்த் தட்டு கட்டாயம் வையுங்கள், பழைய இன்ஜினில் ஆயில் சொட்டாத நாள் அபூர்வம்.

குறை என்னவென்றால் சக்கரத்தைக் கழற்ற முடியாது. பிரேக் டிரம், வீல் பேரிங், முன் சஸ்பென்ஷன் வேலைகளுக்குப் பாதைகளுக்கு நடுவில் ஓடும் தனி ஜாக்கி ஒன்று வேண்டும். லிஃப்டோடு சேர்த்தே விலை கேளுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அளவு பொருந்தும் ஜாக்கியைத் தேடுவது பெரிய வேலை. இன்னொன்று, பத்மினி மாதிரி ஒடுங்கிய வண்டியில் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே நடுவிலிருந்து நடு சுமார் 1.2 மீட்டர்தான். லிஃப்டின் பாதைகளுக்கு இடையிலான தூரம் பெரிய வண்டிகளுக்காக வைத்ததாக இருந்தால், டயர் பாதையின் உள்விளிம்பில் போய் நிற்கும். வாங்கும் முன் டேப் வைத்து இரண்டையும் அளந்துவிடுங்கள்.

சஸ்பென்ஷன், பிரேக், அடிப்பாக வெல்டிங் என்று முழு மறுசீரமைப்பு செய்பவருக்கு இரட்டைத் தூண்தான் வசதி. அவர் தகட்டைச் சரிசெய்து முடித்த பிறகு அதில் ஏற்றட்டும். ஒரு எச்சரிக்கை: சக்கரங்கள் தொங்கும்போது பழைய ரப்பர் பிரேக் ஹோஸ்கள் இழுபடும். முதல் தடவை தூக்கும்போது ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கத்தரி மாதிரி குறுக்கே விரியும் சட்டங்களால் மேடையைத் தூக்கும் கத்தரி லிஃப்ட் வகை தாழ்வான ஷெட்டுக்கு ஆசை காட்டும். சுமார் ஒரு மீட்டர் வரை தூக்கும், இடமும் கொஞ்சமாகத்தான் பிடிக்கும். ஆனால் பல மாடல்களில் அதன் மேடை வண்டியின் நடுவில் அடைத்துக்கொண்டு நிற்கும். அம்பாசடர், பத்மினி இரண்டுமே பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகள். கியர் பாக்ஸ், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், சைலன்சர் குழாய் எல்லாம் அந்த நடுப்பகுதியிலேயே இருக்கின்றன. டயர், பிரேக் வேலைக்குப் போதும். மற்றதற்குக் கை போகாது.

எடை மேடையில் ஒரு சின்ன வேலை

இரட்டைத் தூண் என்று முடிவு செய்தவர்கள் தங்கள் வண்டியின் சமநிலைப் புள்ளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு நம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வசதி இருக்கிறது. கிரானைட் லாரிகள் ஓடும் ஊர் என்பதால் எடை மேடைக்கு அலைய வேண்டியதில்லை. வண்டியை ஓட்டிப் போய் முதலில் முழு எடை போடுங்கள். அப்புறம் முன்சக்கரங்கள் மேடையைத் தாண்டி இறங்கி, பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்து இன்னொரு தடவை எடை போடுங்கள்.

ஓர் அம்பாசடர் மொத்தம் 1150 கிலோ, பின் ஆக்சிலில் மட்டும் 530 கிலோ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் அம்பாசடரில் சுமார் 2.46 மீட்டர். 530-ஐ 1150-ஆல் வகுத்து 2.46-ஆல் பெருக்கினால் 1.13 வரும். முன் ஆக்சிலிலிருந்து 1.13 மீட்டர் பின்னால்தான் வண்டியின் எடை மையம். வண்டியின் பக்கவாட்டில் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். லிஃப்டின் நான்கு கைகளும் அந்தக் கோட்டுக்கு முன்னும் பின்னுமாகப் பரவி நிற்க வேண்டும். இன்ஜினை இறக்கினாலும் பின் ஆக்சிலைக் கழற்றினாலும் இந்தக் கோடு நகர்ந்துவிடும். அப்படிப்பட்ட வேலைக்கு முன் வண்டியின் இரு முனைகளிலும் உயரமான ஸ்டாண்டு கொடுப்பதும், உடம்பை லிஃப்ட் கையோடு பட்டை போட்டுக் கட்டுவதும் அவசியம்.

தரை

இரட்டைத் தூண் லிஃப்டில் வண்டி தூணின் மேல் இல்லை. தூணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கைகளின் நுனியில் இருக்கிறது. கையை நீட்டி ஒரு குடம் தண்ணீரைப் பிடித்தால் தோள் எப்படி முன்னே இழுக்கப்படுமோ, அப்படித்தான் தூணும் வண்டிப் பக்கம் சாயப் பார்க்கும். அதைத் தடுப்பவை தூணின் அடியில் வெளிப்பக்கம், தூணைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகள். அவை மேல்நோக்கிப் பிடுங்கப்பட்டுக்கொண்டே இருக்கும். தரை கான்கிரீட் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும்.

லிஃப்ட் தயாரிப்பாளர்கள் பலரும் குறைந்தது 4 அங்குலக் கனம், 3000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வலிமை என்று கேட்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ எம்-20 கான்கிரீட். புதிதாகப் போடுவதாக இருந்தால் கம்பி கட்டி 6 அங்குலமாகவே போட்டுவிடுங்கள், வித்தியாசம் சில மூட்டை சிமெண்ட்தான்.

நம் வீட்டு ஷெட்டுகளில் இந்த எம்-20 பெரும்பாலும் கிடையாது. வழக்கமாக மேஸ்திரிகள் தரைக்குப் போடுவது ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல், எட்டுப் பங்கு ஜல்லி என்ற 1:4:8 கலவை; அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். அந்தக் கலவை ஆள் நடக்கவும் கார் நிற்கவும் போதும், ஆங்கர் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளப் போதாது. கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் ஷெட் தரைக்குக் கல் பலகை பாவியிருப்பார்கள். கல் உறுதியானது, ‘கிரானைட்டிலேயே போல்ட் அடிக்கிறோம், இதைவிட என்ன வேண்டும்’ என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பலகையும் மணல் மேலோ மெல்லிய கலவை மேலோ தனித்தனியாகக் கிடக்கிறது. போல்ட் இழுத்தால் பலகை தூக்கிக்கொண்டு வரும், அல்லது துளையைச் சுற்றி விரிசல் விடும். கல் பாவிய தரையில் இரட்டைத் தூண் வேண்டாம். தூண் நிற்கும் இடங்களில் கல்லை எடுத்துவிட்டு, லிஃப்டின் கையேட்டில் சொன்ன அளவுக்குக் குழி எடுத்து, கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் போட்டு, 28 நாள் ஆன பிறகே போல்ட் போட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற வைப்பதில் அவசரம் காட்டக் கூடாது.

தரையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஓரமாக ஒரு மூலையில் டிரில் போட்டுப் பாருங்கள். எத்தனை அங்குலத்தில் மண் வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நான்கு தூண் லிஃப்டில் இந்தக் கவலை பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. எடை நேராகக் கீழே இறங்குகிறது, 1.2 டன் வண்டி என்றால் தூணுக்கு சுமார் 300 கிலோவும் லிஃப்டின் சொந்த எடையில் கால் பங்கும்தான். பிடுங்கும் விசை கிடையாது. பல மாடல்களைத் தரையோடு பிணைக்காமலேயே நிறுத்தலாம். ஆனால் தரை மட்டமாக இருக்க வேண்டும். நம் ஷெட்டுகளில் கழுவும் தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். நான்கு தூணும் நிற்கும் இடத்தில் லெவல் டியூப் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் தூணுக்கு அடியில் எஃகுத் தகடு வைத்துச் சமன் செய்யலாம், அதிகம் என்றால் தரையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கூரையும் அகலமும்

வீட்டோடு சேர்ந்த கார் ஷெட்டின் கூரை உயரம் பொதுவாக 10 அடி, அதாவது 305 செ.மீ. அம்பாசடரின் உயரம் சுமார் 160 செ.மீ. மீதி 145. கூரையோடு இடிக்காமல் இருக்க ஒரு 10 செ.மீ. விட்டால், நான்கு தூண் லிஃப்டில் பாதையை 135 செ.மீ. வரைதான் உயர்த்த முடியும். அடியில் நிமிர்ந்து நிற்க முடியாது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தாராளமாக வேலை பார்க்கலாம். வீட்டில் வேலை செய்பவருக்கு இதுவே பெரிய விடுதலை என்று நினைக்கிறேன். ஃபேன் தொங்கினால் கழற்றிவிடுங்கள். பானட்டைத் திறந்த நிலையில் உயரத்தையும் அளந்து வையுங்கள், ஒரு நாள் மறந்து திறந்தபடியே தூக்கிவிட வாய்ப்பு இருக்கிறது.

நின்று வேலை பார்க்க வேண்டுமானால் சுமார் 350 செ.மீ. வேண்டும், அதாவது ஏறத்தாழ பன்னிரண்டு அடிக் கூரை. அம்பாசடருக்கு அடியில் பத்மினியை நிறுத்தவும் ஏறத்தாழ அதே உயரம் தேவைப்படுகிறது: 160, 147, பாதையின் கனம் ஒரு 15, இடைவெளிகள் 20, மொத்தம் 342. தகரக் கூரை போட்டுத் தனி ஷெட் கட்டுகிறவர்கள் தாழ்வான பக்கத்தையே பன்னிரண்டு அடியாக வைத்துவிட்டால் பிறகு வருத்தம் இருக்காது.

அகலத்துக்கு இரட்டைத் தூண் சுமார் 3.3 மீட்டருக்கு மேல் கேட்கும், பத்தடி ஷெட்டில் அடங்காது. நான்கு தூணுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். ஏறும் சாய்தளத்தோடு பதினெட்டு, இருபது அடி இருந்தால் நிம்மதி.

கரண்ட்

இந்த லிஃப்டுகளில் பொதுவாக 2.2 கிலோவாட், அதாவது மூன்று குதிரைத்திறன் மோட்டார் இருக்கும். சிங்கிள் பேஸிலும் கிடைக்கும், மூன்று பேஸிலும் கிடைக்கும். வீட்டில் சிங்கிள் பேஸ் இணைப்பு இருந்தால் அதற்கேற்ற மோட்டாரையே கேட்டு வாங்குங்கள். மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர். மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் அது உறுமிக்கொண்டே நிற்கும். அப்படி நின்றால் உடனே சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாரின் சுருள் எரிந்துவிடும்.

நடுவில் கரண்ட் போனால் வண்டி விழுந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். விழாது, ஹைட்ராலிக் வால்வு பிடித்துக்கொள்ளும். ஆனால் அடியில் போகும்போது வண்டியை ஹைட்ராலிக் எண்ணெய் தாங்கிக்கொண்டிருக்கவே கூடாது. தூணில் படிப்படியாகப் பல் பூட்டுகள் இருக்கும். தேவையான உயரத்துக்குக் கொஞ்சம் மேலே தூக்கி, இறக்கி, எல்லாப் பூட்டுகளும் பல்லில் உட்கார்ந்த பிறகே தலையை உள்ளே கொடுக்க வேண்டும். கரண்ட் இல்லாதபோது எப்படி இறக்குவது என்பதையும் விற்பவர் கண்முன்னே செய்து காட்டட்டும்.

குழியும் ஜாக்கியும்

பழைய பட்டறைகள் மாதிரி குழி வெட்டிவிடலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். உடைக்கும் செலவு எங்கேயோ போய்விடும். அதைவிட முக்கியம், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கார்புரேட்டர் சொட்டும் பழைய வண்டிக்கு அடியில் அது குழிக்குள் இறங்கித் தங்கும். ஒரு தீப்பொறி போதும். வீட்டில் குழி வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வருடத்துக்கு நான்கைந்து தடவை ஆயில் மாற்றி, பிரேக் சரிபார்ப்பது மட்டுமே உங்கள் வேலை என்றால் நல்ல ட்ராலி ஜாக்கி ஒன்றும் எடைக்குத் தகுந்த இரும்பு ஸ்டாண்டு நான்கும் போதும். தரையில் வைத்து வண்டியை 50, 60 செ.மீ. தூக்கும், இரும்புச் சட்டங்கள் போன்ற சிறு லிஃப்டுகளும் உண்டு. ஆங்கர் போல்ட் வேண்டாம், வேலை முடிந்ததும் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம். அவையும் உடம்பில்தான் பிடிக்கும் என்பதால் சில்லைப் பற்றி மேலே சொன்னது அவற்றுக்கும் பொருந்தும். எதை வாங்கினாலும் செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காதீர்கள். அவை வளைந்து எச்சரிக்கை தராது, ஒரே நொடியில் நொறுங்கும்.

வாங்கப் போகும்போது

லிஃப்டைப் பொருத்திய பிறகு பார்த்துக்கொள்ள ஆள் வருவார்களா என்பதை விலைக்கு முன்னால் கேளுங்கள். கோயம்புத்தூரிலேயே ஏ.டி.எஸ். எல்ஜி போன்று பட்டறைச் சாதனங்கள் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன, பெங்களூரும் ஓசூரிலிருந்து பக்கம். இரும்புக் கயிறு, சீல், பூட்டு ஸ்பிரிங் மூன்றும் நாளாவட்டத்தில் தேயும் பொருட்கள். அவை எளிதாகக் கிடைக்காத இறக்குமதி லிஃப்ட் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடலாம். ஐரோப்பியத் தரமான இ.என். 1493-க்கு உட்பட்டதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.

பழைய லிஃப்ட் வாங்குவதாக இருந்தால், பட்டறையில் அது நிற்கும்போதே ஒரு வண்டியை ஏற்றித் தூக்கச் சொல்லுங்கள். பூட்டில் உட்கார வைக்காமல் பாதி உயரத்தில் நிறுத்தி, தூணில் ஒரு கோடு கிழித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கோட்டிலிருந்து இறங்கியிருந்தால் சீலோ வால்வோ கசிகிறது. இரும்புக் கயிற்றைத் துணியால் உருவிப் பார்த்தால் அறுந்த இழை துணியில் மாட்டும். பூட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். பின்தங்கும் தூண் இருந்தால் கயிறு நீண்டிருக்கலாம். கயிற்றை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகு முன்பணம் கொடுக்கலாம்.